ஆணியில் இல்லாத மோதிரம்

“கை இங்க இருந்துச்சு. ஆள் அந்தப் பக்கம் கெடந்தாரு” என்று, வாடகைக்கு வீடு காட்டுகிறவர் மாதிரி சாவகாசமாகச் சுற்றிக் காட்டினார் போலீஸ்காரர்.

பட்டாசு ஓரடி பின்வாங்கினான். ரம்ப மெஷினின் இரும்பு மேசையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆனால் அதன் அடியில் குவிந்திருந்த மரத்தூளை யாரும் தொடவில்லை. அது ரத்தத்தைக் குடித்துக் காய்ந்து, கறுத்துக் கட்டி தட்டிப்போயிருந்தது. கூரைத் தகரத்திலும் வரிசையாகச் சொட்டுகள். வாசல் பக்கம் திரும்பி ஓடப் பார்த்தவன், டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக நின்றுகொண்டான்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. தையல் கடைக்கு மேலே துப்பறியும் ஏஜென்ஸி நடத்தும், ஐம்பதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரி. பொய் சொல்கிறவனை அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து அழ அடித்துவிடுவார் என்பதால் தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது. பட்டாசு அவருடைய உதவியாளன். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

“கேஸ் முடிஞ்சுபோச்சு டீச்சர். மச்சான்காரனே ஒத்துக்கிட்டான். ‘நான்தான் கொன்னேன்’னு வந்ததுலேர்ந்து அதையே சொல்லிக்கிட்டு இருக்கான். சோறு வெச்சாலும் தொடமாட்டேங்கிறான். நீங்க எதுக்கு வீணா மெனக்கெடுறீங்க?”

“கூப்பிட்டவங்க அவங்க. அவங்க போன்னு சொன்னா போயிடுறேன்” என்று டீச்சர் வாசல் பக்கம் கைகாட்டினார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டரம்மா நின்றிருந்தாள். செத்துப்போன மாஸ்டரின் மனைவி. அவளால் அந்தப் பட்டறைக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை.

சின்னப் பட்டறைதான். சாவி மாட்டும் பலகை, போன் ஸ்டாண்டு, படச் சட்டம், காய் நறுக்கும் பலகை, கைக்குழந்தைகளுக்கான கிலுகிலுப்பை என்று கைக்கு அடக்கமான சாமான்களாகச் செய்து, முன்பக்கம் தெருவைப் பார்த்த கடையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். மரவேலை மாஸ்டருடையது. விற்பனை அவருடைய கூட்டாளியுடையது. கஞ்சி போட்ட சட்டையும் சென்ட் வாசனையுமாகக் கடையில் நிற்கும் அந்த மனிதரை எல்லாரும் ‘ஷோரூம்’ என்றே அழைத்தார்கள். மாஸ்டரம்மாவின் தம்பியும் இங்கேதான் வேலை. மாஸ்டர் ‘மச்சான்’ என்று கூப்பிட, வந்துபோகிறவர்கள்கூட அவனுக்கு மச்சான் ஆகிவிட்டார்கள். இவர்களோடு பாலிஷ் போடும் ஒரு பெரியவர்.

மாஸ்டர் செத்த அன்றைக்கு மத்தியானம் மச்சான் படச் சட்டத்தில் கண்ணாடி பதியப் பள்ளம் இழுப்பதற்காக ரம்பத்தின் மேல் இருக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றினான். வேலை முடிந்ததும் திரும்ப மாட்டவில்லை. அதற்காக மாஸ்டர் அவனை எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டி, கழற்றியவனேதான் மாட்ட வேண்டும் என்றார். கோபத்தில் அப்படியே வெளியே போனவன், பொழுது சாயும்போது மூடி ஞாபகம் வந்து ஓடி வந்திருக்கிறான். உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது. மாமாவின் கை மேசையில், மாமா தரையில்.

அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தவனை, போலீஸ் வருவதற்குள் மாஸ்டரின் சொந்தக்காரர்கள் அங்கேயே துவைத்து எடுத்துவிட்டார்கள். இரண்டு பல் போனது. விலா எலும்பு விரிசல் விட்டது. அவன் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லையாம்.

“அவன் வேணும்னு செஞ்சானா, மறந்து செஞ்சானா, அது எனக்குத் தெரிஞ்சாகணும் டீச்சர்” என்றாள் மாஸ்டரம்மா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “நான் தூக்கி வளர்த்த பய. வேணும்னு செஞ்சிருந்தா எனக்குத் தம்பியே இல்ல. செய்யலேன்னா அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இப்படி நடுவுல நின்னு என்னால முடியல.”

டீச்சர் போலீஸ்காரரிடம் திரும்பினார். “மாஸ்டர் மேல என்னென்ன இருந்துச்சு?”

“எல்லாமே இருந்துச்சு. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், ரெண்டு கையிலயும் தோல் கையுறை. கையுறைய வெட்டித்தான் எடுத்தோம். உள்ள கல்யாண மோதிரம். பாவம், அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன். நெத்தியில ஒரு பெரிய காயம், விழும்போது மேசை விளிம்புல இடிச்சிருக்கு. மச்சானைத் தவிர யாரும் உள்ள வந்து பாக்கல, நாங்களும் வெளிய யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன்.”

“மூடி மட்டும் இல்ல.”

“மூடி மட்டும் இல்ல. அதைத்தான் மச்சான் கழட்டி வெச்சுட்டானே!” என்று சொல்லிவிட்டு, போன் அடிக்கவே போலீஸ்காரர் வெளியே போனார்.

பட்டாசுக்கு வியர்த்துக் கொட்டியது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளில் ஒன்றில் மாட்டினான்.

“எடுய்யா அதை!”

மூலையில் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாலிஷ்காரர் எழுந்தே விட்டார். “அது மாஸ்டர் ஆணி!”

“ஆணிக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்களா? தெரியாம போச்சு பெரியவரே. அடுத்தது யாரோடது? கேட்டுக்கிட்டே மாட்டுறேன்.”

“விளையாடாத. அது தொப்பி மாட்டுற எடமில்ல.” பெரியவரின் கை நடுங்கியது. “மெஷின் போடுறதுக்கு முன்னாடி மோதிரம், வாட்ச், கயிறு எதுவா இருந்தாலும் கழட்டி அவனவன் ஆணியில மாட்டணும். அப்புறம்தான் மெயினைத் தொடணும். மாஸ்டர் தொழில் கத்துக்கிட்ட எடத்துல ஒருத்தனுக்கு மோதிரத்தோட விரலே போயிருச்சாம். அதுலேர்ந்து இது அவரோட சட்டம். என்னையே ரெண்டு தடவை வெளிய தள்ளியிருக்காரு.”

“திரும்ப எப்ப எடுத்துப் போட்டுக்குவீங்க?” என்றார் டீச்சர்.

“மெயினை அணைச்சப்புறம்தான். வேற எப்ப?”

பட்டாசின் மண்டையில் பல்பு எரிந்தது. வாயைத் திறந்தான். டீச்சரின் செருப்புக் கால் அவன் பாதத்தின் மேல் முழு எடையோடு இறங்கியது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

“உங்களுக்கும் மாஸ்டருக்கும் ஆகாதா பெரியவரே? கை ஏன் நடுங்குது?”

“ஆகாதுன்னு யார் சொன்னா? திட்டுவாரு, அதுக்காகக் கொன்னுருவாங்களா?” என்று கத்தினார் பாலிஷ்காரர். கத்தியதிலேயே அவர் முகம் வெளுத்தது. “நான் அன்னைக்குச் சீக்கிரமே போயிட்டேன். பாலிஷ் வேலையே இல்ல. அந்தக் கிலுகிலுப்பை எதையும் தொடாதேன்னுட்டாரு.”

சுவரோரம் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிலுகிலுப்பைகள் கிடந்தன. பட்டாசு ஒன்றை எடுத்து ஆட்டினான். சத்தம் அழகாகத்தான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“டீச்சர், இதைக் குழந்தை வாயில வெச்சா பூச்சி சாகுதோ இல்லியோ, குழந்தை செத்துரும். மருந்துக் கடை நாத்தம்.”

“பூச்சி மருந்து வந்த பேக்கிங் கட்டை அது” என்றார் பெரியவர். “ஷோரூம் எங்கேயோ சும்மா கெடைச்சுதுன்னு வண்டியில கொண்டாந்து எறக்கினாரு. செஞ்சு முடிச்ச பிறகுதான் மாஸ்டருக்கு விஷயம் தெரிஞ்சுது. ‘அத்தனையும் ஒடைச்சு எரிச்சுட்டுத்தான் மறுவேலை, கடையில வித்ததையும் திரும்ப வாங்கு’ன்னு குதிச்சாரு.”

“யார் முன்னாடி குதிச்சாரு?”

“அவரும் ஷோரூமும் உள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினாங்க. கதவைத் தாண்டி என் காதுல விழுந்தது அவ்வளவுதான்.”

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பட்டாசு, போய் ஷோரூமை நான் கும்பிட்டுக் கூப்பிட்டேன்னு சொல்லிக் கூட்டிட்டு வா.”

ஷோரூம் வந்தார். சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்தது. மாஸ்டரம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “நான் இருக்கேன்மா, கவலப்படாதே” என்றார்.

“ஒரு சின்ன உதவி” என்றார் டீச்சர். “இந்த மெஷின் சத்தம் தெருவுக்குக் கேக்குமான்னு பாக்கணும். ஆளுக்கொரு கட்டை வெட்டிக் காட்டுங்க. மொதல்ல பெரியவர்.”

பாலிஷ்காரர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். ரத்தக்கறையைப் பார்க்காமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து வந்தார். பட்டாசுக்கு அவர் மேல் சந்தேகம் பொங்கியது. இந்த நடுக்கம் நடுங்குகிறவன் எதையும் செய்திருப்பான் என்று நினைத்தான். பெரியவர் அழுதுகொண்டே, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, இடதுகை வாட்ச்சைக் கழற்றி மூன்றாவது ஆணியில் மாட்டினார். பிறகு மெயினைப் போட்டு, ரம்பத்தை ஓடவிட்டு, தள்ளுகட்டையால் ஒரு துண்டைத் தள்ளி வெட்டி, ரம்பத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க?” என்று ஷோரூமைப் பார்த்தார் டீச்சர். “பழக்கமில்லேன்னா வேணாம். கடையில ‘ஒவ்வொண்ணும் என் கையால செதுக்கினது’ன்னு சொல்லி விக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் கேட்டேன்.”

ஷோரூமுக்குச் சுருக்கென்றது. “பழக்கமில்லையா? நான் இதுலயே ஊறினவன்” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து தடித்த தோல் கையுறை ஒரு ஜோடியை எடுத்தார். விரலில் இருந்த பெரிய கல் மோதிரத்தின் மேலேயே அதை இழுத்து மாட்டினார். கண்ணாடி போட்டார். மாஸ்க் போட்டார். “பாதுகாப்புதான் முக்கியம் டீச்சர்” என்று ரம்பத்தை ஓடவிட்டார்.

பெரியவர் மூலையிலிருந்து, “ஐயோ, கையுறையோட போகாதீங்க!” என்று அலறினார்.

டீச்சர் மேசைக்கடியில் இருந்த சிவப்புப் பட்டனை அடித்தார். ரம்பம் முனகிக்கொண்டே நின்றது.

“ஏன், என்ன ஆச்சு?”

“இங்க யாரும் மெஷின்கிட்ட கையுறை போடமாட்டாங்களாம்.”

“யார் சொன்னது? நான் போட்டா மட்டும் தப்பா? மாஸ்டரே அன்னைக்குக் கையுறை போட்டுக்கிட்டுத்தானே செத்தாரு!”

வாசலில் இருந்து மாஸ்டரம்மாவின் குரல் வந்தது.

“அது எனக்கே இப்பத்தானே தெரிஞ்சுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் முதல் தடவையாகப் பட்டறைக்குள் கால் வைத்தாள்.

டீச்சர் நிதானமாகப் பேசினார். “மாஸ்டர் விரல்ல மோதிரம் இருந்துச்சு. அப்படின்னா அன்னைக்கு வேலை முடிஞ்சுபோச்சு. மெயினை அணைச்சாரு, ஆணியிலேர்ந்து மோதிரத்தை எடுத்துப் போட்டாரு, வீட்டுக்குக் கெளம்பினாரு. கெளம்பின மனுஷனை நெத்தியிலயே அடிச்சிருக்காங்க. மூடி இல்லாத மெஷின் கண்ணுல பட்டிருக்கு. பழி போட ஆளும் தயாரா இருந்தான். விபத்துன்னு நம்ப வெக்கிறதுக்கு அவரை ஜோடிச்சிருக்காங்க. கண்ணாடி, மாஸ்க் வரைக்கும் சரி. கையுறையிலதான் மாட்டிக்கிட்டாங்க. கையுறை போட்டா ரம்பத்தோட பல்லு தோலைக் கவ்வி, கையை மொத்தமா உள்ள இழுத்துரும். இங்க வேலை செய்யறவனுக்கு இது மொத நாளே தெரியும்.”

“மச்சானே வேணும்னு மாட்டியிருந்தா?” என்று ஷோரூம் மாஸ்க்குக்குள்ளிருந்து சீறினார்.

“மச்சான் செஞ்சிருந்தா மொதல்ல அவரு மோதிரத்தைக் கழட்டி ஆணியில மாட்டியிருப்பான். கொலையே பண்ணினாலும் கை பழக்கத்தை விடாது. இந்தப் பெரியவர் அழுதுகிட்டே வாட்ச்சைக் கழட்டினதைப் பாத்தீங்கல்ல? கட்டையை வாழ்க்கையில தொடாதவங்க இங்க ஒருத்தர்தான்.”

“ஒவ்வொண்ணும் என் கையால செஞ்சதுன்னு நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் சார் உண்மை” என்றான் பட்டாசு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஷோரூமின் கை பின்னால் போனது. வேலைப்பலகையில் கிடந்த கொட்டாப்புளி, அந்தக் கனத்த மரச்சுத்தியல், காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. டீச்சர் தலையைச் சாய்த்தார். அடி தோளில் இறங்கியது. எலும்பு உடையும் சத்தம் பட்டாசுக்குத் தெளிவாகக் கேட்டது. டீச்சர் முழங்காலில் சரிந்தார். இரண்டாவது அடிக்கு ஷோரூம் சுத்தியலை ஓங்கியபோது பட்டாசு அவர் முதுகின் மேல் பாய்ந்தான். வீரத்தில் இல்லை, வேறு வழி தெரியாமல்.

அது பெரிய தப்பு. கடை ஆள் என்றாலும் ஷோரூம் மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. பட்டாசை உதறி வயிற்றில் உதைத்து, பின்னங்கழுத்தைப் பிடித்து மேசை மேல் சாய்த்தார். பச்சைப் பட்டன் அழுந்தியது. ரம்பம் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. மூடி இல்லாத பற்கள் அவன் மூக்குக்கு நேரே பளபளத்தன. மரத்தூள் கண்ணில் அடித்தது. தோல் கையுறை அவன் கன்னத்தை இரும்பின் மேல் வைத்து அழுத்தி அழுத்தி முன்னால் தள்ளியது. பட்டாசுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. “அம்மா” என்று மட்டும்தான் வந்தது.

மேலேயிருந்த பாரம் திடீரென்று விலகியது.

மாஸ்டரம்மா கையில், சட்டம் ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் நீளமான இரும்பு கிளாம்ப் இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி ஷோரூமின் காதோடு ஒன்று போட்டிருந்தாள். கண்ணாடி பறந்தது. அவர் திரும்புவதற்குள் முழங்காலில் ஒன்று, விலாவில் ஒன்று. அவர் கீழே விழுந்தும் அவள் நிறுத்தவில்லை. “நான் இருக்கேன்னு சொன்னியே! நான் இருக்கேன்னு சொன்னியே!” என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை சொன்னாள். மாஸ்க்கெல்லாம் ரத்தமானது. பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டார்.

பிறகு அவள் கிளாம்ப்பைப் போட்டுவிட்டு, ஷோரூமின் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். பாதி மயக்கத்தில் இருந்த ஆளை மேசைவரை இழுத்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கையுறை போட்ட அந்தக் கையை இரும்பு மேசையில் வைத்து, ரம்பத்தை நோக்கித் தள்ளினாள். பற்களில் தோலின் நுனி பட்டுப் புகை கிளம்பியது. ஷோரூம் கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று புரிந்து, குழந்தை மாதிரி வீறிட்டார்.

“விடுங்கம்மா!” என்று தரையிலிருந்து கத்தினார் டீச்சர். அவரால் எழ முடியவில்லை.

“என் வீட்டுக்காரருக்கு என்ன செஞ்சானோ அதேதான்” என்றாள் அவள். அவள் கண்ணில் தண்ணீர்கூட இல்லை.

பட்டாசு தவழ்ந்துபோய் அவள் காலைப் பிடித்தான். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. ஜோக் சொல்கிற வாய் அது. அன்றைக்கு அதிலிருந்து வந்தது வேறு.

“அக்கா, இவன் கை போச்சுன்னா உங்க தம்பி இன்னைக்கு வெளிய வருவான், நீங்க உள்ள போவீங்க. அவன் வீட்டுக்கு வந்து யாரைப் பாப்பான்? மாமாவும் இல்ல, அக்காவும் இல்லாத வீட்டுல என்ன பண்ணுவான்? அந்தப் பய இப்பவே சோறு திங்கலியாம்க்கா.”

அவள் கை அப்படியே நின்றது. ரம்பம் சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டாசு எழுந்திருக்கத் தெம்பில்லாமல் மேசைக்கடியில் கையை நீட்டிச் சிவப்புப் பட்டனைத் தேடிக் குத்தினான். சத்தம் அடங்கியதும் அவள் ஷோரூமின் கையை, ஏதோ அழுக்குத் துணியைப் போடுவதுபோலக் கீழே போட்டாள்.

அப்போதுதான் போனை முடித்துக்கொண்டு போலீஸ்காரர் உள்ளே வந்தார். தரையில் மூன்று பேர், சுவரெல்லாம் ரத்தம்.

“என்னய்யா நடந்துச்சு இங்க?”

“சத்தம் தெருவுக்குக் கேக்குதான்னு பாத்தோம் சார். கேக்கல போல” என்றான் பட்டாசு. சொல்லிவிட்டு மயங்கி விழுந்தான்.

ஷோரூம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, கிலுகிலுப்பைகளை எரித்தால் பணம் போய்விடும் என்று மாஸ்டரை அடித்ததிலிருந்து எல்லாவற்றையும் கக்கிவிட்டார். டீச்சர் தோளில் மாவுக்கட்டோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொல்லச் சொன்னதுதான் காரணம்.

மறுநாள் ஸ்டேஷன் பின்னறையில் மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது. அக்கா வந்து எதிரே தரையில் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பட்டாசு தலைக்கட்டோடு கதவோரம் நின்றான்.

“டேய், இங்க பாரு. அவரு வேலையை முடிச்சுட்டாருடா. மெயினை அணைச்சாச்சு. ஷோரூம்தான் சுத்தியலால அடிச்சான். மெஷின் கொல்லல. மூடி இருந்திருந்தாலும் அவரு போயிருப்பாரு.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

“என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?”

“உன் மனசு நோகக் கூடாதுன்னு நான் எப்படா பேசியிருக்கேன்?”

போலீஸ்காரர் கதவைத் திறந்துவிட்டு, போகலாம் என்று கைகாட்டினார். மச்சான் எழவில்லை.

“ஆனா மூடியைக் கழட்டி வெச்சுட்டுப் போனது நான்தானேக்கா.”

“ஆமா, நீதான். அது உண்மைதான்.” அவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். “வீட்டுக்கு வா. அதுக்குத் தனியா உதைக்கிறேன்.”

அப்போதுதான் அவன் அழ ஆரம்பித்தான். விலா வலிக்க, போன பல் தெரிய, வாய்விட்டு அழுதான். அவள் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.